'மனிதக் காரணியே காரணம்': ஒரு சொல் விளக்கம்

"விபத்துக்கு மனிதக் காரணியே காரணம்." கொழும்பில் தமிழ்ச் செய்தி கேட்கிறவர்களுக்கு இந்த வாக்கியம் பழகிப்போயிருக்கும். ரயில் தடம் புரண்டாலும் சரி, பஸ் மதிலில் மோதினாலும் சரி, கடைசியில் இதைச் சொல்லித்தான் முடிப்பார்கள். காரணி காரணமாகாமல் வேறு என்னவாகும் என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அண்மையில் ஒரு பாதுகாப்புப் பயிற்சிக் கையேட்டில் கருவிகளை மனிதருக்குப் பொருந்தும்படி வடிவமைப்பது பற்றிய 'ஹியூமன் ஃபாக்டர்ஸ்' என்ற துறையின் பெயரையே 'மனிதக் காரணிகள்' என்று போட்டு, அதன் கீழே கவனயீனம், அசட்டை, அனுபவமின்மை என்று அடுக்கியிருந்தார்கள். ஆள்மீது பழிபோடுவதை மறுக்கப் பிறந்த துறை அது; அந்தப் பழியையே அதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் சொல்லின் வேர். 'ஃபாக்டர்' இலத்தீனில் 'செய்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது; செய்பவன் என்பது முதற்பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபோது வணிக முகவரைக் குறித்தது. கிழக்கிந்தியக் கம்பனிக்காரரின் 'ஃபாக்டரி' என்பது அந்த முகவர்கள் இருந்த பண்டகசாலை. பிறகுதான் கணக்கில் பெருக்கப்படும் எண்ணுக்கும், ஒரு விளைவில் பங்குள்ள எதற்கும் அந்தப் பெயர் போனது. நம்முடைய காரணியும் வடமொழியில் 'செய்' என்ற பொருளுள்ள வேரிலிருந்தே வருகிறது. வேர்ப்பொருள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதே வினையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் 'பொதுக் காரணிகளுட் பெரியது' படித்தவர்களுக்கும் 'உற்பத்திக் காரணிகள்' படித்தவர்களுக்கும் ஃபாக்டர் என்றதும் கை தானாகக் காரணி என்று எழுதிவிடும். கணக்கில் அது யாரையும் நோகடிக்காது. மனிதன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்ததும் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது. 'மனிதக் காரணி' என்று கேட்கும் தமிழன் 'ஆள்தான் காரணம்' என்றே விளங்கிக்கொள்வான். அது அவன் பிழையல்ல.

சிங்களத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னொரு வழுக்கல். அங்கே ஃபாக்டருக்கு 'சாதக' என்பார்கள். அதை அப்படியே எடுத்தால் தமிழில் பாட்டுக்காரர் செய்யும் சாதகமாகவோ கல்யாணத் தரகர் கேட்கும் சாதகமாகவோ போய்விடும். நல்ல வேளையாக அந்தளவுக்கு இன்னும் யாரும் போகவில்லை.

துறையின் கதையைக் கொஞ்சம் பார்த்தால் ஏன் இவ்வளவு கோபம் என்று புரியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்களை ஓட்டியவர்கள், பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு இறக்கை மடல்களை மடக்கப்போய்ச் சில்லுகளை மடக்கிவிடுவது திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் வயிறு தரையில் படக் குந்திவிடும். 'விமானியின் தவறு' என்று பதிந்துவிட்டுக் கோப்பை மூடிவிடலாம். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானியை விட்டுவிட்டு விமானி அறையைப் பார்த்தார். இரண்டு வேலைக்குமான விசைகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. சில்லு விசையில் சின்ன ரப்பர்ச் சில்லும் மடல் விசையில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தச் சொன்னார். கண்ணால் பார்க்காமலே கைக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். இன்றும் விமானங்களில் சில்லுக்கான பிடி சில்லு வடிவத்தில்தான் இருக்கிறது.

வெள்ளவத்தை மாடிவீடுகளில் ஒரே பலகையில் ஆறு சுவிச் வரிசையாக இருக்கும்; மின்விசிறி எது என்று தெரியாமல் வீட்டுக்காரி அதில் கியூடெக்ஸ் பொட்டு ஒன்று வைத்திருப்பாள். அவளும் சபானிஸும் செய்தது ஒரே வேலை.

1947 இல் போல் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் விமானக் கட்டுப்பாடுகளை இயக்குவதில் நேர்ந்த 460 'விமானித் தவறு' அனுபவங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதினார்கள். விமானித் தவறு என்பதை அவர்களே மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். அந்த அறிக்கையின் தலைப்பில் ஃபாக்டர்ஸ் என்ற சொல்லும் இருக்கிறது. அங்கே அதைக் காரணிகள் என்று தாராளமாகப் பெயர்க்கலாம். ஏனென்றால் அவர்கள் கண்ட காரணிகளில் பெரும்பங்கு விசையின் இடமும் வடிவமும். துறைப் பெயரில் வரும் ஃபாக்டர் வேறு. ஒரு கருவியை வடிவமைக்கும்போது மனிதரைப் பற்றிக் கணக்கில் எடுக்கவேண்டியவை, அதாவது கையின் நீளம், கண்ணின் எல்லை, ஞாபகத்தின் கொள்ளளவு, பழக்கம், பதற்றம் என்பவை எல்லாம் அதில் அடக்கம்.

இது வெறும் விமானக் கதை என்று நினைக்க வேண்டாம். உள்ளூர்ச் செயலி ஒன்றைத் தமிழில் திறந்து பார்த்தேன். பணத்தை எடுப்பதற்கு 'மீளப்பெறல்', கடனைக் கட்டுவதற்கு 'மீளச்செலுத்தல்'. சொல் இரண்டும் சரி. ஆனால் பொத்தானின் அகலம் ஆங்கிலத்துக்கு அளவெடுத்தது. திரையில் தெரிந்தது 'மீள…', 'மீள…' என்று ஒன்றின் கீழ் ஒன்று. பி-17 இன் இரட்டை விசைகள் கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டன. யாராவது பொத்தானை மாற்றி அழுத்தினால் 'பாவனையாளர் தவறு' என்பார்கள்.

சரி, மாற்றுச் சொல் என்ன? உடனே எல்லோரும் நீட்டுவது 'பணிச்சூழலியல்'. இது 'எர்கோனொமிக்ஸ்' என்பதற்குத் தமிழில் கொஞ்சம் பரவிய சொல். எர்கோனொமிக்ஸ் என்பது கிரேக்கத்தில் வேலை, விதி என்ற இரண்டையும் சேர்த்து 1857 இல் போலந்து நாட்டு அறிஞரான யஸ்த்ஷெம்பொவ்ஸ்கி ஆக்கியது; மறந்துபோய், 1949 இல் பிரித்தானியாவில் ஹைவல் மரல் என்ற ஆய்வாளர் வழியாகத் திரும்பி வந்தது. அமெரிக்காவில் 1957 இல் அமைந்த சங்கம் ஹியூமன் ஃபாக்டர்ஸ் என்ற பெயரோடு தொடங்கி, 1992 இல் எர்கோனொமிக்ஸையும் சேர்த்துக்கொண்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே துறைதான். அதனால் ஒரு சொல்லே போதும் என்ற வாதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த ஒரு சொல் பணிச்சூழலியல் ஆகக் கூடாது என்பதுதான் என் கட்சி.

ஏன் என்றால், முதலில் அதை எப்படிப் பிரிப்பது? பணி + சூழலியல் என்றால் சூழலியல் ஏற்கெனவே காடு, கடல், உயிரினம் பற்றிய படிப்பு. பணிச்சூழல் + இயல் என்றால் வேலைத்தலத்தின் சூழல் பற்றிய படிப்பு. வேலைவாய்ப்பு விளம்பரத்தில் 'சிறந்த பணிச்சூழல்' என்று போட்டால் அதற்கு அர்த்தம் முதலாளி கத்தமாட்டார், ஏசி வேலை செய்யும் என்பது. இரண்டு பிரிப்பிலும் மனிதரும் இல்லை, கருவியும் இல்லை, அவை இரண்டுக்கும் இடையிலான பொருத்தமும் இல்லை. இன்னொன்று, 'பணி'. போனில் பேரப்பிள்ளையின் படத்தைப் பெரிதாக்கத் தெரியாமல் தடுமாறும் அம்மம்மா என்ன பணியில் இருக்கிறார்? பொத்தான் சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் விரல் போய்ச் சேர நேரம் எடுக்கும் என்று ஃபிட்ஸ் 1954 இல் காட்டிய விதி அவருக்கும்தான் பொருந்தும். இந்தச் சொல்லின் புண்ணியத்தில் துறை முழுவதும் கதிரைக் கடைக்குள் அடைபட்டுவிட்டது. 'எர்கோனொமிக் கதிரை' என்று விளம்பரம் பார்த்தவர்கள், இது முதுகுவலி சம்பந்தப்பட்ட சமாச்சாரம் என்றே நினைக்கிறார்கள்.

கதிரையே போர்த்துக்கீசச் சொல்தானே, எர்கோனொமிக்ஸையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கதிரை நாலு காலோடு வீட்டுக்குள் வந்து தன்னை விளக்கிக்கொண்டது. ஒரு துறையின் பெயர் அப்படி வராது. தூய்மைக்காக நான் வாதாடவில்லை. சுவிச்சை ஆளி என்று எழுதாதவர்களோடு எனக்குப் பகையும் இல்லை.

நான் சொல்வது 'மனித இயைபியல்'. இயைதல் என்றால் ஒன்றோடொன்று பொருந்திச் சேர்தல். மோனை, எதுகைக்குப் பக்கத்தில் இயைபுத் தொடை என்று படித்திருப்போம். அடியின் கடைசி ஒத்து வருவது. கருவி ஆளுக்கு ஒத்து வருவதைச் சொல்ல இதைவிடக் கிட்டிய சொல் எனக்குத் தெரியவில்லை. யாப்பு வாசனை அடிக்கிறது என்பார்கள். அடிக்கட்டும். 'மனிதருக்கு இயையாத வடிவமைப்பு' என்று எழுதிப் பாருங்கள், விளக்கக் குறிப்பு தேவைப்படாது. துறைசார்ந்தவரை இயைபியலாளர் என்று சொல்லலாம். தனித்தமிழ் அன்பர்கள் மனிதனை மாந்தர் ஆக்கினாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. திரையைக் காட்டாமல் எக்செல் தாளில் சொற்களை மட்டும் அனுப்பி, சொல்லுக்கு இவ்வளவு என்று காசு பேசி, நாளைக்கே வேண்டும் என்றால் அவர் அகராதியில் முதலில் கண்டதைத்தான் போடுவார். பொத்தான் எவ்வளவு அகலம், பக்கத்தில் எந்தப் பொத்தான் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. தமிழை மூன்றாவதாக, மிச்சமிருக்கும் இடத்தில் செருகுவது என்று திட்டமிட்ட இடத்திலேயே இயைபு போய்விடுகிறது.

காரணியை முழுக்க விரட்டவும் வேண்டாம். விபத்து விசாரணை அறிக்கையில் களைப்பு, மங்கிய விளக்கு, ஒரே மாதிரியான விசை என்று காரணங்களை அடுக்கும் இடத்தில் 'விபத்துக் காரணிகள்' என்றே எழுதலாம். ஓட்டுநர் பதினாறு மணித்தியாலம் தொடர்ந்து ஓட்டியிருந்தால் காரணி அந்த வேலை அட்டவணை. அதை 'மனித' என்ற அடைமொழிக்குள் ஒளிக்காமல் அட்டவணை என்றே எழுத வேண்டும்.