ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரு தேனீ

துளசிக் கதிரில் அமர்ந்த தேனீ ஒன்றைப் படமெடுத்து, அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் கிடைக்கும் காட்சி இதுதான்: உணர்கொம்பின் நுனி துல்லியமாக இருக்கும், கண்கள் மங்கியிருக்கும், உடலோ ஒரு பழுப்புத் தீற்றலாகக் கரைந்து போயிருக்கும். தோட்டத்துப் பூச்சிகளைப் படமெடுக்கத் தொடங்குகிறவர்கள் இதற்கு முதல் வாரம் கேமராவைக் குறைசொல்வார்கள், இரண்டாம் வாரம் தம் கைநடுக்கத்தைக் குறைசொல்வார்கள். நான் மூன்றாம் வாரத்தில் காற்றையும் சேர்த்துக்கொண்டேன். மூன்றுக்கும் ஓரளவு பங்கு உண்டு என்றாலும் மூலக்காரணம் வேறு. ஒரு சிறு பொருளைப் பெரிதாகப் பதிவுசெய்யும் எந்த லென்ஸும் அதற்கு விலையாக நம்மிடமிருந்து இரண்டைப் பிடுங்கிக்கொள்கிறது: தெளிவின் ஆழம் ஒன்று, ஒளி மற்றொன்று.

ஒரு பூச்சியின் பிம்பம் கேமராவின் சென்சர் மீது அதன் உண்மையான அளவிலேயே விழுமானால் அதை 1:1 உருப்பெருக்கம் என்கிறோம். 12 மி.மீ. நீளமுள்ள தேனீ, 36 மி.மீ. அகலமுள்ள முழுச்சட்டக சென்சரில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். மேக்ரோ லென்ஸ்கள் இந்த அளவுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு ஒரு மாற்றுவழி, சாதாரண லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே கண்ணாடியே இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றைப் பொருத்துவது. லென்ஸ் சென்சரை விட்டு விலக விலகப் பிம்பம் பெரிதாகும். கிடைக்கும் கூடுதல் உருப்பெருக்கம், குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் வருவது. குவியத் தொலைவு 50 மி.மீ. உள்ள லென்ஸுக்கு 25 மி.மீ. குழாய் பாதி அளவையும், 50 மி.மீ. குழாய் முழு அளவையும் தந்துவிடும்.

உருப்பெருக்கம் கூடும்போது தெளிவின் ஆழம், அதாவது படத்தில் கூர்மையாகத் தெரியும் பகுதியின் தடிமன், நாம் எதிர்பார்ப்பதைவிட மிக வேகமாகச் சுருங்குகிறது. முழுச்சட்டகக் கேமராவில் லென்ஸின் துளையை எஃப் 8 என்று வைத்து (எஃப் எண் கூடக்கூடத் துளை சுருங்கும்) பாதி அளவில் எடுத்தால் ஏறத்தாழ 3 மி.மீ. கிடைக்கும், 1:1 அளவில் அது 1 மி.மீ. ஆகிவிடும்; இரு மடங்கு பெரிதாக்கினால் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. தேனீயின் தலையே சில மில்லிமீட்டர் அகலம் என்பதை நினைத்துப் பார்த்தால், அதை நேருக்கு நேர் எடுக்கும்போது உணர்கொம்பும் கண்ணும் ஒருசேரத் தெளிவாக அமையாததில் வியப்பில்லை.

துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. லென்ஸ் நீண்டு நிற்பதால், 1:1 அளவில் எஃப் 16 என்று நாம் வைக்கும் துளை நடைமுறையில் எஃப் 32 போலவே வேலை செய்கிறது. அவ்வளவு குறுகிய துளையில் நுழையும் ஒளி விளிம்புகளில் வளைந்து விரிவதால், ஒரு புள்ளியாக விழவேண்டியது 0.04 மி.மீ. விட்டமுள்ள சிறு வட்டாகச் சென்சரில் விழுகிறது. ஆழம் 2 மி.மீ. ஆகக் கூடியிருக்கும், ஆனால் தேனீயின் மயிர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிவதற்குப் பதிலாகப் பஞ்சாக அப்பிக்கொள்ளும். எஃப் 8-க்கும் எஃப் 11-க்கும் இடையில் நின்றுவிடுவதே நல்லது என்பது என் முடிவு.

ஆகவே, கிடைக்கும் ஒரு மில்லிமீட்டரை எங்கே செலவிடுவது என்பதுதான் கேள்வி. கூர்மையாகத் தெரியும் பகுதி சென்சருக்கு இணையான ஒரு தகடு என்று கொள்ளலாம். தேனீயின் பக்கவாட்டு உடல் அந்தத் தகட்டின் மீது படியும்படி கேமராவைத் திருப்பினால் கண், மார்பு, பின்கால், வயிற்றின் நுனி நான்கும் ஒரே படத்தில் தெளிவாக அமைந்துவிடும். இந்தத் தொலைவில் தானியங்கிக் குவியத்தை நம்பமுடியாது. குவியத்தைக் கையால் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை நூலளவு முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளிகிற கணத்தில் பொத்தானை அழுத்துவதே வழக்கம். இடக்கையால் பூவின் காம்பைப் பிடித்து, அந்தக் கையின் மணிக்கட்டின் மீதே லென்ஸைச் சாய்த்துக்கொண்டால், பூவும் கேமராவும் சேர்ந்தே ஆடும். காற்றின் தொல்லை பாதிக்கு மேல் தீரும்.

அடுத்தது ஒளி. 1:1 உருப்பெருக்கத்தில், தொலைவில் உள்ள பொருளை எடுக்கும்போது கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு ஒளிதான் சென்சரை அடைகிறது. உச்சி வெயிலிலேயே, எஃப் 11 துளையும் 100 ஐ.எஸ்.ஓ. உணர்திறனும் வைத்தால், ஷட்டர் ஏறத்தாழ 1/50 நொடி திறந்திருக்க வேண்டும். தேனீயோ நொடிக்குச் சுமார் 230 முறை சிறகடிக்கிறது. சிறகின் நுனி ஒவ்வொரு வீச்சிலும் கடக்கும் தூரத்தைக் கொண்டு கணக்கிட்டால் அதன் சராசரி வேகம் நொடிக்கு 6 மீட்டருக்கும் மேல் வருகிறது. 1/1000 நொடி என்பது நமக்குக் கண்சிமிட்டலிலும் சிறியது. ஆனால் அந்த நேரத்துக்குள் சிறகு நுனி 6 மி.மீ. நகர்ந்துவிடுவதால், படத்தில் சிறகு இருந்த இடத்தில் ஒரு புகை மட்டுமே இருக்கும்.

இங்கே கைகொடுப்பது ஃபிளாஷ். ஃபிளாஷ் என்றால் கூடுதல் வெளிச்சம் என்றே பலரும் நினைக்கிறார்கள். பூச்சிகளைப் பொறுத்தவரை அதன் பெருமை வெளிச்சத்தைவிட அதன் குறுகிய ஆயுளில் இருக்கிறது. ஃபிளாஷுக்குள் ஒரு மின்தேக்கி இருக்கிறது; அதில் சேர்ந்த மின்னூட்டம் செனான் வாயு நிறைந்த குழாய் வழியாகப் பாயும்போது ஒளி பீறிடுகிறது. முழுச் சக்தியில் அந்தப் பாய்ச்சல் தானாக ஓயும்வரை, ஏறத்தாழ 1/1000 நொடி நீடிக்கிறது. சக்தியைக் குறைத்து வைத்தால் ஒளியின் பொலிவு அவ்வளவாகக் குறைவதில்லை. ஒரு மின்னணு விசை பாய்ச்சலை நடுவிலேயே வெட்டிவிடுகிறது. முப்பதில் ஒரு பங்கு சக்தியில் ஒளி 1/10,000 நொடிக்கும் குறைவாகவே எரியும் ஃபிளாஷ்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அந்த நேரத்தில் சிறகு நுனி நகர்வது அரை மில்லிமீட்டர் சொச்சம். ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தாலும் கவலையில்லை. நிழலான இடத்தில் தேனீயைச் சென்சருக்குக் காட்டுவது பெரும்பாலும் அந்த மின்னல் மட்டும்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹரோல்ட் எட்ஜர்ட்டன் 1930-களில் வளர்த்தெடுத்த நுட்பம் இது. பறந்துகொண்டிருக்கும் பூச்சிகளை இதே நுட்பத்தால் 1970-களில் துல்லியமாகப் படமெடுத்துக் காட்டியவர் பிரிட்டன் புகைப்படக் கலைஞர் ஸ்டீஃபன் டால்டன்.

ஃபிளாஷுக்கும் இரண்டு பக்கவிளைவுகள் உண்டு. தொலைவின் இருமடிக்கு ஏற்ப ஒளி குறைவதால், 10 செ.மீ. தொலைவிலுள்ள தேனீ பெறும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கே ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் செடிக்குக் கிடைக்கும்; பட்டப்பகலில் எடுத்த படத்தில் பின்னணி நள்ளிரவாகத் தெரிவது இதனால்தான். பூவுக்குச் சற்றுப் பின்னால் ஓர் இலை வரும்படி கோணத்தை மாற்றிக்கொண்டால் இது சரியாகும். இன்னொன்று, பூச்சியின் மேலோட்டுப் பளபளப்பு. இதற்குக் கருவண்டுதான் சரியான சோதனை. கரிய கண்ணாடி போன்ற அதன் வயிற்றில், ஃபிளாஷின் செவ்வக முகம் வெள்ளைப் பொட்டாக அப்படியே பதிந்துவிடும். ஒளிமூலத்தைப் பூச்சியின் பார்வையில் பெரிதாக்கினால் பொட்டு மெல்லிய பளபளப்பாகப் பரவிவிடும். 20 செ.மீ. அகலமுள்ள வெள்ளைத் தாளைப் பூச்சிக்கு 10 செ.மீ. தொலைவில் வளைத்து, அதன் வழியாக ஃபிளாஷை அடித்தாலே போதும். அந்தத் தாள் வண்டின் வானத்தில் பெரும்பகுதியை மூடிவிடும். பால் புட்டியை வெட்டிச் செய்யும் மறைப்பு, கடையில் விற்கும் பலவற்றைவிட நன்றாகவே உழைக்கிறது. கருவண்டின் சிறகில் நீலமும் ஊதாவும் செம்பு நிறமும் மாறிமாறி மின்னுவது, சிறகின் மெல்லிய படலங்களில் எதிரொளிக்கும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால். பரவலான ஒளியில்தான் அந்த வண்ணங்கள் சிறகு முழுவதும் விரிந்து தெரியும்.

கருவியால் ஆகக்கூடியது இவ்வளவே; மீதியைப் பூச்சியின் உடலைப் புரிந்துகொண்டே பெறவேண்டும். தேனீயின் கூட்டுக்கண் ஆயிரக்கணக்கான சிறு கண்ணலகுகளால் ஆனது. உருவங்களைப் பிரித்தறிவதில் நம் கண்ணைவிட மிகப் பின்தங்கியது, அசைவைக் கண்டுகொள்வதில் நம்மைவிட மிக முந்தியது. நாம் தொடர் ஒளியாகக் காணும் வேகமான விளக்கின் துடிப்பைக்கூட அது தனித்தனித் துடிப்புகளாகக் காண்கிறது. எனவே நீங்கள் அருகில் இருப்பதைப் பற்றி அது அலட்டிக்கொள்வதில்லை. திடீரென்று பக்கவாட்டில் நகர்வதும், உங்கள் நிழல் அதன் மேல் விழுவதும்தான் அதை விரட்டுகின்றன. நேர்கோட்டில், மிக மெதுவாக முன்னேறினால் லென்ஸ் மூக்கருகே வரும்வரை அது தேனருந்திக்கொண்டே இருக்கும். அது போகும் வழியை ஊகிக்கவும் முடியும்: துளசி போன்ற நிமிர்ந்த கதிர்களில் பல தேனீக்கள் கீழ்ப்பூவில் தொடங்கி மேல்நோக்கி ஏறுகின்றன, ஆகவே துரத்துவதைவிட அடுத்த பூவில் குவியத்தை வைத்துக் காத்திருப்பது பலன் தரும்.

பறப்புத் தசைகள் போதிய சூடேறாமல் தேனீயால் எழும்ப முடியாது. அதனால்தான் விடியற்காலையில் அது தசைகளை நடுக்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. கத்தரி, தக்காளிப் பூக்களை உடலதிர்வால் உலுக்கி மகரந்தம் உதிர்க்கும் நீலப்பட்டைத் தேனீயைப் பகலில் பிடிப்பது பெரும்பாடு. ஒரு பூவில் அது ஓரிரு நொடிக்கு மேல் தங்காது. ஆனால் அதன் ஆண்கள் கூடு கட்டுவதில்லை. அந்திசாயும் நேரத்தில் ஒரு காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்வி, உடல் கிடைமட்டமாக நீட்டியிருக்க, வரிசையாக உறங்குகின்றன. மறுநாளும் அதே குச்சிக்கே வருவது வழக்கம். சூரியன் ஏறுமுன் போனால் முக்காலியை நிறுத்தி, குவியத்தை நூலிழையாக நகர்த்தி இருபது முப்பது படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் மென்பொருளால் கோத்து, தலை முதல் வால்வரை தெளிவான ஒரே படமாக ஆக்கமுடியும். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து படமெடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஐந்தரை மணிக்கு எழுந்திருக்கச் சோம்பல்படுவதற்கு இவ்வளவு கொடுமை தேவையில்லை.

இப்படிக் கிடைத்த படம், வெறுங்கண்ணுக்குத் தப்பியதையும் காட்டிவிடும். இந்தியத் தேனீ, கொம்புத் தேனீ, மலைத்தேனீ மூன்றுக்கும் கண்ணின் மேலேயே மெல்லிய மயிர் முளைத்திருக்கிறது; நீலப்பட்டைத் தேனீயின் கண்ணில் அது இல்லை. ரோஜா இலையில் வட்டமாகத் துண்டு வெட்டிப்போகும் தேனீ, மகரந்தத்தைக் காலில் சுமக்காமல் வயிற்றின் அடிப்பக்க மயிரில் சுமக்கிறது. தேனீ என்று எண்ணி எடுத்த படத்தில் உணர்கொம்பு குட்டையாகவும் சிறகுகள் நான்குக்குப் பதில் இரண்டாகவும் இருந்தால், அது தேனீ வேடமிட்ட ஈ. இனத்தை அறிய விரும்புகிறவர்கள் முகம், பக்கவாட்டு உடல், விரிந்த சிறகின் நரம்புகள் என மூன்று கோணங்களில் எடுத்துவைப்பது நல்லது. அழகான ஒரே படத்தைவிட இந்த மூன்றும் நிபுணர்களுக்கு உதவும்.

நடுப்பகலில், வெயிலேறிய பூவில், எவ்வளவு நெருங்கினாலும் அசையாத தேனீ கிடைத்தால் மட்டும் சற்று ஐயப்பட வேண்டும். வெள்ளைப் பூ ஒன்றில் அப்படித் தலைகீழாகத் தொங்கிய தேனீயை நான் பதினேழு படங்கள் எடுத்தேன். கண், மார்பு, கால் எல்லாம் அத்தனை துல்லியம். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், அதன் நாக்கு வெளியே தள்ளியிருந்ததும், கழுத்துக்குப் பின்னால் இதழோடு இதழாக ஒரு வெள்ளை நண்டுச் சிலந்தி அதைக் கவ்விக்கொண்டிருந்ததும் தெரிந்தன. கிடைத்த ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சற்று வெளியே இருந்ததால், பதினேழில் ஒரு படத்தில்கூடச் சிலந்தியின் கண்கள் தெளியவில்லை.