பித்தளைக்குள் அடங்கிக் கிடக்கும் இழுவிசை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாக்களின் பித்தளை உறைகளைச் சேகரித்து, வீட்டுப் பட்டறையில் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துகிறார். அங்கே இது பலருக்கும் பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமமின்றிச் செய்தால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். உறை ஒன்று அச்சுக்குள் சிக்கி அடி விளிம்பு பிய்ந்துபோனது ஏன் என்றும், நிரப்பிய பின் ஆறு மாதம் பெட்டியிலேயே கிடந்த சில தோட்டாக்களின் கழுத்தில் கீறல் விழுந்தது எப்படி என்றும் அவர் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு விடை எளிது. சுடும்போது விரிந்த உறையைப் பழைய அளவுக்கு நெருக்கும் எஃகு அச்சில் மசகு போதாவிட்டால் பித்தளை அதில் கவ்விக்கொள்ளும். நெம்புகோலை வலிந்து இழுத்தால் மெல்லிய விளிம்புதான் கிழியும். அதற்குப் பயந்து மசகை அள்ளிப் பூசினாலோ, வெளியேற வழியற்ற எண்ணெய், உறையின் கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பகுதியில் பள்ளம் விழச் செய்துவிடும்.

இரண்டாவது கேள்விதான் என்னை உட்கார வைத்தது. உறைகளுக்கான பித்தளையில் 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். '.30-06' வகைத் தோட்டா வெடிக்கையில் உள்ளே சுமார் 4,000 வளிமண்டல அழுத்தம் உண்டாகிறது. உறை விரிந்து துப்பாக்கியின் எஃகுச் சுவரில் அப்பி வாயுவை அடைக்கிறது, அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கிச் சுவரை விடுகிறது. பித்தளையின் மீள்தன்மைக் குணகம் எஃகினுடையதில் ஏறத்தாழப் பாதி என்பதால், ஒரே தகைவுக்கு அது எஃகைவிட இரு மடங்கு நீண்டு, விட்டவுடன் இரு மடங்கு சுருங்குகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் தோட்டா உறை எளிதாக வெளியே வருவது இந்த வேறுபாட்டால்தான்.

ஆனால் விரிவதும் நெருக்கப்படுவதும் திரும்பத் திரும்ப நடந்தால், கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஆவதுபோல, படிகங்களுக்குள் இருக்கும் வரிசைப் பிழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு உலோகம் விறைத்துவிடுகிறது. இதைத் தளர்த்தவே கழுத்தை மட்டும் சூடாக்குகிறார்கள். அமெரிக்க இராணுவ உறைகளின் கழுத்தில் தெரியும் நீலம் பாய்ந்த கறை அந்தச் சூட்டின் அடையாளம். சூடு அடிப்பாகம் வரை இறங்கிவிட்டால் ஆபத்து, ஏனெனில் அழுத்தத்தைத் தாங்க அது கடினமாகவே இருந்தாக வேண்டும். சூடாக்கிய உறையைத் தண்ணீரில் போட்டால் கெட்டிப்படும் என்ற நம்பிக்கை கொல்லன் பட்டறையிலிருந்து வழிதவறி வந்தது; அது எஃகுக்குப் பொருந்தும், பித்தளைக்குப் பொருந்தாது. தண்ணீர் இங்கே சூடு பரவுவதைத் தடுக்கிறது, அவ்வளவே.

சரி, யாரும் தொடாத தோட்டா ஏன் கீறுகிறது? இந்தப் புதிர் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் இருந்தது. மழைக்காலத்தில் லாயங்களில் வைத்த தோட்டாக்கள் வெடிப்பு கண்டன. பருவத்தோடு வந்ததால் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வைத்தார்கள். 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் காரணத்தை விளக்கினர்: குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, மழைக்கால ஈரம், தட்டி இழுத்துச் செய்ததால் உலோகத்தில் தங்கிவிட்ட இழுவிசை. அம்மோனியா செம்போடு சேர்ந்து கரையும் சேர்மமாகிப் படிக எல்லைகளை அரிக்க, அரித்த இடத்தை இழுவிசை பிளக்கிறது. அரிப்பு, இழுவிசை இரண்டில் ஒன்று இல்லையென்றால் இந்த வெடிப்பு இல்லை. மிதமான சூட்டில் இழுவிசையைத் தணிப்பதே தீர்வாக அமைந்தது. லாயத்துக் காற்றை ஆராயப் பணம் வேண்டும் என்று இன்று விண்ணப்பித்தால் எந்தக் குழு ஒப்புதல் தரும் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் வாசகரிடம் குதிரை இல்லை. ஆனால் குண்டைப் பிடித்திருக்கும் கழுத்து ஓயாத இழுவிசையில்தான் இருக்கிறது. ஆகவே உறைகளை எதைக் கொண்டு பளபளப்பாக்குகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டுப் பித்தளைச் சாமான்களுக்கு வாங்கிய பாலிஷ் என்று சொல்லி, பாட்டிலின் பின்புறச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். அதில் அம்மோனியா இருந்தது. கீறியவற்றை மட்டுமின்றி, அதே பாலிஷ் பட்ட நல்ல உறைகளையும் ஒதுக்கிவிடும்படி எழுதியிருக்கிறேன்.