சாகோஸ் வழித்தோன்றல்களுக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை: இலவசம்தான், ஆனால் கெடு உண்டு

இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தின் டியாகோ கார்சியா தீவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைப்பதற்காக 1968 முதல் 1973 வரை சாகோஸ் மக்களை மொரீஷியசுக்கும் செஷெல்சுக்கும் அப்புறப்படுத்திய பிரிட்டன், 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் தீவில் பிறந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கும் குடியுரிமை அளித்துவிட்டு, பேரப்பிள்ளைகளைக் கைவிட்டது. அந்தக் குறையைப் போக்க 2022 நவம்பர் 23 அன்று ஒரு பதிவு முறை நடைமுறைக்கு வந்தது. தீவில் பிறந்ததால் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றிருந்த ஒருவரின் நேரடி வழித்தோன்றல் எவரும், எத்தனையாவது தலைமுறையாக இருந்தாலும், விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது; பாஸ்போர்ட்டுக்கு மட்டும் தனியே செலுத்த வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது கெடுவில்தான். 2022 நவம்பர் 23 அன்று 18 வயது நிரம்பியிருந்தவர்கள் 2027 நவம்பர் 22க்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அன்று 18 வயதுக்குட்பட்டவர்களும், அதன்பின் ஐந்தாண்டுகளுக்குள் பிறப்பவர்களும் 23 வயதை எட்டுவதற்குள் விண்ணப்பிக்கலாம். அதற்கும் பின்னர் பிறக்கும் குழந்தைக்கு இந்த வழி இல்லை.

அடுத்த தொல்லை காகிதம். தீவில் பிறந்த பாட்டியிலிருந்து உங்கள் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பெற்றோர் பெயர் அடங்கிய முழுப் பிறப்புச் சான்றிதழ் இருந்தால்தான் உறவு நிரூபணமாகும். சாகோஸ் 1965 வரை மொரீஷியசின் நிர்வாகத்தில் இருந்ததால், பாட்டியின் பதிவு ஒரு நாட்டிலும் தந்தையின் பதிவு இன்னொரு நாட்டிலும் கிடக்கக்கூடும். ஒரு அலுவலகம் மற்றதைக் கைகாட்டும். ஒரு தாளில் பிரெஞ்சு முறையில் ‘மரி’ என்றும் இன்னொன்றில் ஆங்கில முறையில் ‘மேரி’ என்றும் பெயர் இருந்தால், அதிகாரி கேட்கும் வரை காத்திராமல், இருவரும் ஒருவரே என்பதைக் காட்டும் திருமணச் சான்றிதழ் போன்ற ஆவணத்தையும் ஒரு விளக்கக் கடிதத்தையும் முதலிலேயே இணைத்துவிடுங்கள். ஆண்டவர்களே ஊரைக் கலைத்துவிட்டு, கலைந்தவர்களிடம் ஒழுங்கான காகிதம் கேட்பது என்ன நியாயமோ!

இந்த முறையில் இரண்டு தகுதிகள் உள்ளன: பிரிட்டிஷ் குடியுரிமை ஒன்று, பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட கடல்கடந்த பகுதிகளுக்கான குடியுரிமை மற்றொன்று. இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு பிரிட்டனில் குடியேற முடியாது. அந்த பாஸ்போர்ட்டுடன் வருபவர் குடிவரவுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவரே. சாகோஸ் தீவுக்காவது திரும்பலாமா என்றால், 2004ஆம் ஆண்டு ஆணையின்படி அனுமதிச் சீட்டின்றி அங்கும் கால் வைக்க முடியாது. ஆகவே பிரிட்டனில் வாழ நினைப்பவர் முதல் தகுதியைக் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும்.

கணவனோ மனைவியோ சாகோஸ் வழியினர் அல்லரெனில், இந்தச் சலுகை அவருக்குப் பொருந்தாது. அவர் வழக்கமான வாழ்க்கைத்துணை விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஏப்ரலில் அதற்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. குடியுரிமை கிடைத்த மறுநாளே குடும்பத்தோடு கிளம்பிவிடலாம் என்ற கணக்கு இங்கேதான் உடைகிறது.

பார்வையாளராக வந்து பிரிட்டனில் இருந்தபடியே விண்ணப்பித்தால், முடிவு வரும் வரை தங்கும் உரிமை தானாகக் கிடைத்துவிடாது. பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை ஊரில் வேலையை விடாதீர்கள், வீட்டைக் காலி செய்யாதீர்கள். அனுப்பிய ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்திருங்கள்.