பிதிரார்ஜிதம்: அப்பா சம்பாதித்த சொத்தா?

பழைய கிரயப் பத்திரத்தைப் பிரித்தால் “எனக்குப் பிதிரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டு என் அனுபவத்தில் இருந்துவரும்” என்று ஒரு வரி வரும். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிலத்தில் யாருக்கெல்லாம் பங்கு என்பதே அந்த வரியில்தான் இருக்கிறது.

வடசொல் இது. பிதிர் என்றால் தந்தை, முன்னோரையும் குறிக்கும். ஆர்ஜிதம் என்றால் ஈட்டியது, அடைந்தது. அரசு நிலம் எடுப்பதை ‘நில ஆர்ஜிதம்’ என்கிறோமே, அதே ஆர்ஜிதம்தான். ஆக, நேர்ப்பொருள் ‘தந்தை ஈட்டியது’. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அப்பா தன் உழைப்பில் வாங்கிய நிலம் பிதிரார்ஜிதம் ஆகாது; அது சுயார்ஜிதம். அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், பிள்ளைகள் தடுக்க முடியாது.

பாட்டன், பூட்டன் வழியாகப் பிரிக்கப்படாத குடும்பச் சொத்தாக வந்ததுதான் பிதிரார்ஜிதம். இந்து சட்டப்படி அதில் பிள்ளைக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. மகளுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே அந்த உரிமை வந்தது, ஆனால் அதற்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டார்கள். 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அப்பா 2005-ல் உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘கட்டிக் கொடுத்தாச்சு, இனி என்ன பங்கு’ என்று அக்கா தங்கையிடம் கையெழுத்துக் கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தாத்தா தானே சம்பாதித்த நிலம், அவர் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்து. 1986-லேயே உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. ‘தாத்தா நிலம்’ என்பது மட்டும் போதாது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘பூர்வீகச் சொத்து’ என்பது பேச்சில் நிலைத்துவிட்டது, ஆனால் பூர்வீகமும் வடசொல்தான். ‘தந்தைவழிச் சொத்து’ பழைய குழப்பத்தையே திரும்பக் கொண்டுவரும். என்னைக் கேட்டால் ‘முன்னோர் சொத்து’ என்பதே பொருத்தம். சுயார்ஜிதத்துக்குத் ‘தன் ஈட்டுச் சொத்து’.

பத்திரத்தில் எந்தச் சொல் இருந்தாலும், தாய்ப்பத்திரத்தை, அதாவது நிலம் முன்பு கைமாறிய மூலப் பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். நிலம் குடும்பத்துக்குக் கிரயமாக வந்ததா, பாகப்பிரிவினையில் வந்ததா, தானமாக வந்ததா என்பது அதில் இருக்கும்.