கண்ணில் பூச்சி விழுந்தாலும் கை ஹேண்டில்பாரிலேயே இருக்கட்டும்

ஐப்பசி பிறந்து இரண்டு நல்ல மழை பெய்துவிட்டால் எங்கள் கண் மருத்துவப் பிரிவில் ஒரே பேச்சுத் திரும்பத் திரும்பக் காதில் விழும். "பைக்குல வரும்போது ஒரு பூச்சி விழுந்துட்டு டாக்டரம்மா." பிசான நெல்லுக்கு வயலில் தண்ணீர் கட்டும் காலம் அது. அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று வரும் வழியில் பல இடங்களில் சாலையை ஒட்டியே வயலும் வாய்க்காலும் இருக்கின்றன. பொழுது சாய்ந்து ஹெட்லைட்டைப் போட்டதும் அந்த ஈரத்தில் இருக்கிற பூச்சியெல்லாம் வெளிச்சத்தைத் தேடி வரும். மழை விட்ட சாயங்காலம் என்றால் ஈசலும் சேர்ந்துகொள்ளும்.

போன வருஷம் கார்த்திகையில் ஒரு கொத்தனார் வந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். "ஒரு பூச்சிதானம்மா, அதுக்குப் போயி ஆஸ்பத்திரிக்கு வருவாங்களான்னு இருந்துட்டேன்" என்றார். பூச்சி விழுந்து அன்றைக்கு ஆறாவது நாள். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியின் வெளிச்சத்தில் பார்த்தேன். கருவிழியின் நடுவில் மிளகளவுக்குச் சாம்பல் வெள்ளையாக ஒரு புண். அதன் ஓரம் பஞ்சு பிரிந்ததுபோலக் கலைந்திருந்தது. அந்த ஓரத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. பூஞ்சைத் தொற்று.

ஆறு நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வண்டியிலேயே கசக்கியிருக்கிறார். வழியில் வாய்க்காலில் இறங்கி முகம் கழுவியிருக்கிறார். வீட்டில் மனைவி சேலை முந்தானையைச் சுருட்டி ஊதி எடுத்திருக்கிறார். மறுநாள் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கி விட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் சொட்டு மருந்து. "அது போட்ட அன்னைக்கு நல்லா செவப்பு கொறஞ்சிச்சும்மா" என்றார். அந்தச் சீசாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஸ்டீராய்டு கலந்த மருந்து.

இரண்டு மாதத்துக்கு மேல் சிகிச்சை கொடுத்தோம். புண் ஆறிவிட்டது, ஆனால் ஆறிய இடம் வெள்ளைத் தழும்பாக நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் இன்று கை விரல்களை எண்ணுவார், எதிரே நிற்பவர் முகம் தெரியாது. கருவிழியை மாற்றி வைக்கும் சிகிச்சைக்குப் பதிந்து வைத்திருக்கிறோம். பூச்சி அவர் கண்ணில் கிடந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கண்ணைக் கொண்டுபோனது. இந்தக் கட்டுரையை எழுதுவது அந்த "பிறகு"க்காகத்தான்.

முதலில் வண்டியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு கண்ணில் எது பட்டாலும் இரண்டு கண்ணும் சேர்ந்தே மூடும். உடம்பு தானாகச் செய்வது அது, நம்மிடம் கேட்டுச் செய்வதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறார். இரண்டு விநாடி கண் மூடினால் 33 மீட்டர். மூன்று பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வருகிற தூரம். அவ்வளவு தூரமும் வண்டி குருட்டுத்தனமாகப் போகிறது. அதே நேரம் வலது கை கண்ணுக்குப் போனால் ஆக்ஸிலரேட்டரும் முன் பிரேக்கும் கையை விட்டுப் போய்விடும். பயத்தில் பிரேக்கை ஒரே அமுக்காக அமுக்கினால் மழை ஈரத்தில் சக்கரம் வழுக்கும். இப்படி விழுந்து கை கால் ஒடிந்து எலும்பு டாக்டரிடம் போய்ப் படுத்தவர்களை அங்கிருந்து கூப்பிட்டால் நான் போய்க் கண்ணைப் பார்த்திருக்கிறேன். விழக் காரணமான பூச்சியின் கால் ஒன்று இமைக்குள்ளேயே இருந்தது ஒருவருக்கு.

ஆகவே ஒன்றை மட்டும் மனதில் பதிய வையுங்கள். பூச்சி விழுந்ததும் இரண்டு கையும் ஹேண்டில்பாரை விடக்கூடாது. ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்துங்கள். முதல் அதிர்ச்சி தாண்டியதும், பூச்சி விழாத கண்ணை முயன்றால் திறக்க முடியும். கஷ்டம்தான், ஆனால் முடியும். இடது இண்டிகேட்டரைப் போட்டு, பின்னால் வருகிறவனுக்கு நேரம் கொடுத்து ஓரம் கட்டுங்கள். கண் எரிந்தாலும் பத்து விநாடி பொறுக்கலாம்.

நின்ற பிறகும் கசக்கக்கூடாது. மேல் இமையின் உட்பக்கத்தில், விளிம்பை ஒட்டி மெல்லிய பள்ளம் ஒன்று ஓடுகிறது. பூச்சியின் கால், இறக்கைத் துணுக்கு எல்லாம் அங்கேதான் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அது கருவிழியைக் கீறும். ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த காகிதத் துண்டைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல்கள் பச்சையாக ஒளிரும். கருவிழியின் மேல் பாதியில், மேலிருந்து கீழாக, பூனை பிறாண்டியதுபோல நாலைந்து கோடுகள் தெரியும். அதைக் கண்டதும் இமையைப் புரட்டுவேன். மண் நிறத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு துணுக்கு இருக்கும். பஞ்சுக் குச்சியால் ஒரு தொடு, அவ்வளவுதான் வேலை. வந்தவர் கண்ணைத் திறந்து, "போயிட்டும்மா!" என்பார். அன்றே வந்தவர்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இப்படித்தான் முடியும் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

வண்டியில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கட்டும், குடிக்கிற தண்ணீர். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். மேல் இமை முடியைப் பிடித்துக் கீழ் இமைக்கு மேலே இழுத்து விட்டால் சில சமயம் துணுக்கு தானாக வெளியே வந்துவிடும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கையைக் கழுவிவிட்டு அதைக் கழற்றிவிடுங்கள். ஆற்றுத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் மட்டும் வேண்டாம். தாமிரபரணித் தண்ணீரைக் கும்பிட்டு வளர்ந்தவள்தான் நானும். ஆனால் கீறல் விழுந்த கருவிழிக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. அதில் இருக்கும் அமீபா ஒன்று கருவிழியில் நுழைந்துவிட்டால் குணப்படுத்த மாதக் கணக்காகும்.

கருவிழியின் மேல்தோல் முழுதாக இருக்கும்வரை பூஞ்சை உள்ளே நுழையாது. கீறல் விழுந்தால் வாசல் திறந்த கதை. வயல்வெளியில் பறந்த பூச்சியின் உடம்பில், சேலை முந்தானையில், நகக்கண்ணில் எல்லாவற்றிலும் பூஞ்சை வித்து இருக்கும். நம் தென் மாவட்டங்களில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை ஒரு முக்கியக் காரணம். வெயிலும் ஈரமும் விவசாயமும் சேர்ந்த பூமி இது. தாய்ப்பால் குழந்தைக்கு அமிர்தம், சந்தேகமே இல்லை. கீறிய கண்ணில் விட்டால் அது கிருமிக்குச் சாப்பாடு. விளக்கெண்ணெயும் அப்படியே. சில ஊர்களில் நாக்கு நுனியால் கண் தூசி எடுத்துவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். காசு வாங்காமல், நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் வாயில் இருக்கிற கிருமி எத்தனை என்பதை அவர்கள் அறிய மாட்டார்கள். இந்தச் செய்தியை அவர்களிடம் பக்குவமாகக் கொண்டு சேர்க்க வேண்டியது நம் வீட்டுப் படித்த பிள்ளைகள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் ஸ்டீராய்டு சொட்டுதான். சிவப்பையும் வீக்கத்தையும் ஒரே நாளில் அடக்கிவிடும். கண் குணமாகிறது என்று நாமும் நம்பிவிடுவோம். உள்ளே உடம்பின் காவலைக் கட்டிப்போட்டுப் பூஞ்சையைத் தாராளமாக வளரவிடும். பூஞ்சைக்கு என்று தனியாக நாட்டமைசின் சொட்டு இருக்கிறது. தென்னிந்தியாவில் நடந்து 2013-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், அதைவிட விலை கூடிய வோரிகோனசோல் சொட்டைக் காட்டிலும் இதுவே நல்ல பலன் தந்தது. மருந்து கைவசம் இருக்கிறது. அதைத் தொடங்கும் நாள்தான் தள்ளிப்போகிறது. கண்ணில் பூச்சி விழுந்த மறுநாளும் உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சம் பார்க்கக் கூச்சம் இருந்தால் மருந்துக் கடைக்குப் போகாமல் நேரே கண் டாக்டரிடம் வந்துவிடுங்கள்.

இன்னொரு பூச்சியையும் சொல்ல வேண்டும். எறும்பைப் போல நீளமாக, கறுப்பும் ஆரஞ்சுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். வயல் ஈரத்தில் வளர்ந்து ராத்திரி டியூப்லைட்டுக்கு வரும். ஆசிட் பூச்சி என்று சொல்கிறார்கள். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் வந்து விழுந்ததை நாம் அடித்து நசுக்கும்போதுதான் அதன் உடம்புக்குள் இருக்கும் நஞ்சு தோலில் தேய்கிறது. அப்போது ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழித்து, கை இழுத்த வழியே கோடுபோலச் சிவந்து, கொப்புளம் கட்டி, நெருப்புப் பட்டதுபோல எரியும். இதை அக்கி என்று நினைத்துக் காவி குழைத்து எழுதிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அதே கையால் கண்ணைத் தொட்டால் இமை வீங்கிக் கண் மூடிவிடும். உடம்பில் அந்தப் பூச்சி உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள், நசுக்காதீர்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையையும்தான்.

ஹெல்மெட்டைப் பற்றி. தொழுவத்து ஆணியில், திண்ணையில், வண்டிக் கண்ணாடியில் மாட்டிய ஹெல்மெட்டைப் போடுமுன் கவிழ்த்து ரெண்டு தட்டுத் தட்டி உள்ளே பாருங்கள். கட்டெறும்பு, சிலந்தி, பூரான் எல்லாம் அந்த இருட்டான பஞ்சை விரும்பும். வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று கலைக்க மாட்டோம், சரி. ஹெல்மெட்டுக்குள் கட்டினால் கலைத்துத்தான் ஆக வேண்டும். ஓடும்போது தேனீ உள்ளே நுழைந்துவிட்டால் அறையாதீர்கள். ஓரம் கட்டி, பட்டையைக் கழற்றி எடுங்கள். அதுவே தேனீக் கூட்டமாகவோ, பனையில் கூடு கட்டிய கடந்தைக் குளவியாகவோ இருந்தால் அந்த இடத்தில் நிற்கவே கூடாது, கூட்டைத் தாண்டி விலகிப் போய்விட வேண்டும். கொட்டிய பிறகு உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுப்பு, தொண்டை அடைப்பு, தலைசுற்றல் வந்தால் 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. சுண்ணாம்பு தடவிக்கொண்டு காத்திருக்க நேரம் கிடையாது. கண்ணிலேயே கொட்டிவிட்டால் அன்றே கண் மருத்துவமனை.

கண்ணாடி மூடி உள்ள ஹெல்மெட் வாங்குங்கள். நிறமில்லாத கண்ணாடி, கீறல் விழாததாக. கீறல் விழுந்தால் எதிர் லைட் வெளிச்சம் சிதறும், மாற்றிவிடுங்கள். தொப்பி மாதிரி ஹெல்மெட்தான் இருக்கிறது என்றால் சாயங்காலத்துக்கு ஒரு வெள்ளைக் கண்ணாடியாவது போடுங்கள். கறுப்புக் கண்ணாடி இருட்டில் வேண்டாம்.

கடைசியாகப் பிள்ளைகள். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வரும் பிள்ளையின் முகத்தில்தான் காற்றும் பூச்சியும் முதலில் மோதும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஹெல்மெட், பெரியவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, வேகம் 40-க்கு மேல் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து சட்டமே இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சாலையில் அதை நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்றை அதன் அம்மா தூக்கி வந்தார். "பத்து நாளா கண்ணு செவப்பாவே இருக்கும்மா. மெட்ராஸ் ஐன்னு நெனச்சேன், பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளையளுக்கும் இருக்குல்லா." இடது கண்ணில் மட்டும்தான் சிவப்பு. கருவிழி ஓரத்தில், வெள்ளையும் கருமையும் சேரும் இடத்தில், பழுப்பாக ஒரு புள்ளி. மரத்துப்போகும் சொட்டு விட்டு, அம்மா மடியில் தலையைப் பிடித்துக்கொள்ள, ஊசி முனையால் ஓரத்தை நெம்பினேன். சிறு வண்டின் முதுகு ஓடு. கிண்ணம் கவிழ்த்ததுபோலப் பள்ளப் பக்கம் கீழே இருக்க, அப்படியே உறிஞ்சி ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் புண் இன்னும் ஆழமாகவில்லை. தப்பித்தாள்.

அந்த வண்டு ஓட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் குழந்தையின் அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "திருவிழா பாத்துட்டு வரும்போது ஒரு தடவை அழுதாம்மா, தூக்கத்துல அழுதான்னு வண்டிய நிப்பாட்டல" என்றார். மறுவாரம் பரிசோதனைக்கு வரும்போது குழந்தை அப்பா முதுகுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, ரோஸ் நிறத்தில் சின்ன ஹெல்மெட் போட்டு வந்தாள். கண்ணைக் காட்டச் சொன்னால், முதலில் ஹெல்மெட்டின் கண்ணாடியை எனக்குத் திறந்து மூடிக் காட்டினாள்.