பெட்டிக்குள் சுழன்ற பூமி

1969 நவம்பர் 15 அன்று பிரிட்டனின் பிபிசி 1 வண்ணத்துக்கு மாறியது. நிகழ்ச்சிகளுக்கு நடுவே சேனலின் அடையாளமாக ஒரு பூமி உருண்டை மெல்லச் சுழலும். பின்னாலிருந்த வளைந்த கண்ணாடியில் அதன் மறுபக்கம் இழுபட்டுத் தெரியும். வீட்டில் பார்த்தவர்களுக்கு அது வண்ணப் படம். அதை எடுத்ததோ ஒரு கறுப்பு வெள்ளைக் கேமரா.

அன்றைய வண்ணக் கேமராக்கள் விலை அதிகம், அடிக்கடி சரிசெய்துகொண்டே இருக்கவும் வேண்டும். அறிவிப்பாளர் நாலு வாக்கியம் பேசும் நேரத்துக்காக அப்படி ஒன்றை நாள் முழுக்கக் கட்டிப்போட யாருக்கு மனசு வரும்? அதனால் பொறியாளர்கள் ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள். மோட்டாரில் சுழலும் சின்ன உருண்டை, கடிகாரம் போன்றவற்றைச் சுற்றிலும் வைத்து, தேவையானதன் பக்கம் தானாகத் திரும்பும் ஒரு கேமராவை நடுவில் நிறுத்தினார்கள். அதன் செல்லப் பெயர் 'நாடி' (Noddy).

வண்ணம் எங்கிருந்து வந்தது? கறுப்பு வெள்ளைக் கேமராவின் சிக்னல் ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் எவ்வளவு என்பதை மட்டுமே சொல்லும். ஒளிபரப்புக்குப் போகும் வழியில் ஒரு மின்சுற்று அதைப் பிடித்து, வெளிச்சம் மிகுந்த இடத்துக்கு ஒரு நிறமும் குறைந்த இடத்துக்கு இன்னொரு நிறமும் ஏற்றிவிடும். உருண்டையில் கண்டமும் கடலும் பளிச்சென்று வேறுபட்டாலே போதும். பிற்பாடு கண்டங்கள் மஞ்சளாகி, அப்புறம் இளம்பச்சையானபோதும் யாரும் தூரிகையைத் தொட வேண்டியிருக்கவில்லை. இரண்டே நிறத்தில் இருந்த அந்த அழகை வடிவமைப்பாளரின் ரசனை என்று பலர் நினைக்கக்கூடும். என் கணக்கில் பாதிப் புகழ் மின்சுற்றுக்குப் போக வேண்டும்.

1985 பிப்ரவரி 18 அன்று மோட்டார் ஓய்ந்தது. கணினி வரைந்த பூமி வந்தது: பொன்னிறக் கண்டங்கள், ஊடுருவித் தெரியும் நீலக் கடல். விநாடிக்கு 25 படம் வேண்டும். அந்த நாளில் நினைவகச் சில்லுகளோ கொள்ளை விலை. ஆனால் நிறங்கள் குறைவாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியையும் எழுதிவைக்கத் தேவையில்லை. 'நீலம் இத்தனை புள்ளி, அடுத்து பொன்னிறம் இத்தனை புள்ளி' என்று குறித்தால் தீர்ந்தது. பழையபடி, எளிமைக்குக் காரணம் கருவிதான்.

இதைவிட எனக்குப் பிடித்தது எழுத்தின் கதை. பிபிசியின் மூன்று எழுத்துகளும் நெடுங்காலம் சாய்ந்த கட்டங்களுக்குள் சாய்ந்தே நின்றன. திரையில் படம் கிடைமட்டக் கோடுகளாகத்தான் உருவாகிறது. நேராக நிற்கும் ஓரம் ஒவ்வொரு கோட்டிலும் அதே இடத்தில் தொடங்கும். சாய்ந்த ஓரம் கோட்டுக்குக் கோடு கொஞ்சம் நகர வேண்டும். டிஜிட்டல் படத்திலோ அரைப்புள்ளி நகர முடியாது, நகர்ந்தால் ஒரு முழுப்புள்ளி. ஓரம் படிக்கட்டாகிவிடும், எழுத்து சிறுக்கச் சிறுக்கப் படி பெரிதாகத் தெரியும். எழுத்துகளுக்குக் கீழே மூன்று வண்ணக் கோடுகள் வேறு. பத்திரிகை அடித்தவர்களுக்குத் தெரியும், நிறம் கூடினால் அச்சுக்கூலியும் கூடும்.

1997 அக்டோபர் 4 அன்று வடிவமைப்பாளர் மார்ட்டின் லாம்பி-நேர்ன் எழுத்துகளை நிமிர்த்தினார், வண்ணக் கோடுகளை எடுத்தார். எழுத்துரு கில் சான்ஸ். அதை வரைந்த எரிக் கில் செதுக்கிய சிலை பிபிசியின் லண்டன் தலைமையகத்து வாசலுக்கு மேலேயே 1930-களிலிருந்து நிற்கிறது.

அதே நாளில் பிபிசி 1-இன் பூமியும் பெட்டியை விட்டு வெளியே வந்தது. உலக வரைபடம் தீட்டிய நிஜமான வெப்பக்காற்று பலூன் ஒன்றைப் பிரிட்டன் முழுவதும் பறக்கவிட்டுப் படம்பிடித்தார்கள். 1963-இல் சுழலத் தொடங்கிய உருண்டை 2002 மார்ச் வரை இப்படி வேஷம் மாற்றி மாற்றித் தாக்குப்பிடித்தது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் சிவப்பு உடை நடனக்காரர்கள் ஆடினார்கள்.