இரத்த அழுத்தம் அடங்காத பெண்களுக்கு ஒரு ஹார்மோன் பரிசோதனை

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து எங்கள் கிளினிக்கிற்கு வரும் நாற்பது வயதை ஒட்டிய பெண்களில் சிலருக்கு, மூன்று வகை மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டும் இரத்த அழுத்தம் 150/95-க்குக் கீழே இறங்குவதில்லை. வீட்டுக் கவலை, தூக்கமின்மை, மாதவிலக்கு நிற்கப்போகும் வயது என்று அவர்களே காரணம் சொல்லிவிடுகிறார்கள். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், அட்ரீனல் சுரப்பியைப் பற்றி அவர்களிடம் யாரும் பேசியிருப்பதில்லை என்பதே என் கவலை.

சிறுநீரகத்தின் மேல் அமைந்த இச்சிறு சுரப்பி, உப்பையும் நீரையும் உடலில் தக்கவைத்துப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் அல்டோஸ்டெரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அது கட்டுப்பாடின்றிச் சுரக்கும் நோயை அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955-இல் விவரித்தார். பொட்டாசியம் குறைந்தவர்களிடம் மட்டுமே நெடுங்காலம் தேடப்பட்டதால் இது அரிய நோய் என்றே கருதப்பட்டது. உண்மையில், இந்நோயாளிகளில் பலருக்குப் பொட்டாசியம் சரியான அளவிலேயே இருக்கிறது.

இரத்தக் குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் ஒற்றை அடுக்குச் செல்கள் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவை உண்டாக்கிக் குழாயைத் தளர்த்துகின்றன. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இந்த வாயுவின் உற்பத்தியைக் கூட்டுகிறது. மாதவிலக்கு நிற்கும் வரை பெண்களின் இரத்த அழுத்தம் பொதுவாக அதே வயது ஆண்களைவிடக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அல்டோஸ்டெரோன் மிகும்போது அதே செல்கள் விறைத்து, வாயுவின் உற்பத்தி குறைகிறது. பெண் எலிகளில், உடற்கொழுப்பு சுரக்கும் லெப்டின் அட்ரீனல் சுரப்பியையே தூண்டி அல்டோஸ்டெரோனைக் கூட்டுவதும், ஆண் எலிகளில் உடற்பருமன் பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் வழியாக அழுத்தத்தை ஏற்றுவதும் ஆய்வுகளில் தெரிந்தன. எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். எனினும், உப்பு கூடும்போது பெண்களின் அழுத்தம் ஆண்களைவிட அதிகமாக ஏறுவதை மனிதர்களிடம் செய்த ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆகவே, எடை கூடிய ஒரு பெண்ணின் தட்டில் உள்ள கருவாடும், கிச்சாப் என்னும் சோயா சாஸும், இறால் விழுதில் செய்த பெலாச்சான் சம்பலும் அவர் கணவரின் தட்டில் உள்ளவற்றைவிடக் கூடுதல் தீங்கு செய்யக்கூடும்.

நோயை அறிய, இரத்தத்தில் அல்டோஸ்டெரோனுக்கும், அதன் சுரப்பைத் தூண்டுவதற்காகச் சிறுநீரகம் வெளியிடும் ரெனினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறோம். இரத்த அழுத்தம் உள்ள அனைவருக்கும் இதைச் செய்யலாம் என்று 2025-இல் வெளியான அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்க வழிகாட்டி பரிந்துரைக்கிறது. எங்களைப் போன்ற சிற்றூர்களில் அது உடனே நடக்கக்கூடியதன்று. மூன்று மருந்துக்கும் அடங்காதவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள், இளவயதிலேயே அழுத்தம் தொடங்கியவர்கள் ஆகியோருக்காவது முதலில் செய்யவேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் மாதவிலக்குச் சுழற்சியின் நாளும் இந்த விகிதத்தை மாற்றிக் காட்டக்கூடும் என்பதால், இரத்தம் எடுக்கும்முன் கூச்சப்படாமல் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு பக்கச் சுரப்பி மட்டும் காரணம் என்றால், பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையால் அதை அகற்றலாம். இரு பக்கமும் என்றால் அல்டோஸ்டெரோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை. அது ஆண் ஹார்மோனின் செயலையும் தடுப்பதால் ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம். பெண்களுக்கு மாதவிலக்கு தவறலாம். கர்ப்பம் தரிக்க எண்ணுபவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். ஆண்கள் வெட்கப்பட்டு, சொல்லாமலேயே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இத்தொல்லை மிகக் குறைவான எப்ளெரினோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. எதை எடுத்தாலும் பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறக்கூடும் என்பதால், முதல் சில வாரங்களில் இரத்தப் பரிசோதனைக்கு வரத் தவறாதீர்கள். சோடியம் குறைந்தது என்று கடைகளில் விற்கப்படும் பொட்டாசியம் கலந்த உப்பை, மருத்துவரைக் கேட்காமல் சமையலில் சேர்க்காதீர்கள்.